இருவர் சேர்ந்து எழுதினால் இழிவா? – 'சுபா'வை முன்வைத்து ஒரு மறுப்பு

தமிழ்ச் சிற்றிதழ்ச் சூழலில் துப்பறியும் நாவலைப் பற்றிப் பேசுவதே ஒருவகைத் தீட்டாகக் கருதப்பட்டு வந்திருக்கிறது. அத்தீட்டையும் மீறி யாரேனும் பேசத் துணிந்தால் சுஜாதா வரைக்கும் அனுமதி உண்டு. அதற்கப்பால் வாசல் சாத்தப்பட்டுவிடும். சாத்திய வாசலுக்கு வெளியே நிற்பவர்களிலும் கடைசி வரிசையில் நிறுத்தப்பட்டிருக்கும் பெயர் 'சுபா'. காரணம் கேட்டால் விரிவான விமர்சனம் எதுவும் வராது. "அது ஓர் எழுத்தாளரே இல்லையே, இரண்டு பேர் சேர்ந்து நடத்திய தொழில்தானே" என்ற ஒற்றை வரி மட்டும் வரும். இவ்வரியை இலக்கியக் கூட்டங்களிலும் தேநீர்க்கடைப் பேச்சுகளிலும் நாங்கள் பலமுறை கேட்டிருக்கிறோம். சொல்பவர்கள் பலரும் நாங்கள் மதிக்கும் வாசகர்கள். ஆகவேதான் மறுக்க வேண்டியிருக்கிறது.

சுரேஷ், பாலகிருஷ்ணன் என்னும் இரு நண்பர்கள் தங்கள் பெயர்களின் முதலெழுத்துகளை இணைத்து வைத்துக்கொண்ட பெயர் 'சுபா'. கல்லூரி நாட்களில் தொடங்கிய நட்பு எழுத்தாக மாறியது. மாத நாவல்கள் கொடிகட்டிப் பறந்த எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் ராஜேஷ்குமார், பட்டுக்கோட்டை பிரபாகர் ஆகியோரோடு சேர்த்துச் சொல்லப்பட்ட பெயர் அது. ராம்தாஸ் தலைமையிலான 'ஈகிள்ஸ் ஐ' துப்பறியும் நிறுவனம், அதில் பணிபுரியும் நரேந்திரன், வைஜயந்தி, ஜான்சுந்தர் ஆகியோர் அக்காலத்து வாசகர்களுக்கு அண்டை வீட்டாரைப் போல அறிமுகமானவர்கள். பின்னாளில் இவ்விருவரும் இயக்குநர் கே.வி. ஆனந்தோடு இணைந்து அயன் (2009), கோ (2011), மாற்றான் (2012), அனேகன் (2015) முதலிய படங்களில் எழுதினார்கள். இத்தனைக்கும் பிறகு தமிழ் இலக்கிய விமர்சனத்தில் அவர்களுக்குக் கிடைத்த இடம் மேற்சொன்ன அந்த ஒற்றை வரிதான்.

நீடாமங்கலத்தில் இருந்துகொண்டு இதை ஏன் எழுத வேண்டும் என்று கேட்கலாம். துப்பறியும் கதை சென்னைப் பட்டணத்துச் சரக்கு, காவிரிக்கரை என்றால் கு.ப.ரா.வும் ந. பிச்சமூர்த்தியும் தி. ஜானகிராமனும்தான் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. உண்மை அப்படியில்லை. 1894இல் பண்டித நடேச சாஸ்திரி தானவன் என்ற போலீஸ் நிபுணரின் கதைகளை எழுதித் தமிழில் இவ்வகையைத் தொடங்கிவைத்தார். அதைப் பெருந்திரளான வாசகர்களிடம் கொண்டுசேர்த்தவர்களில் முதன்மையான ஒருவர் வடுவூர் கே. துரைசாமி ஐயங்கார் (1880–1942). அந்த வடுவூர் எங்கள் ஊருக்குத் தென்மேற்கே, தஞ்சை–மன்னார்குடிச் சாலையில் இருக்கிறது. அவருடைய திகம்பர சாமியார் என்னும் துப்பறிவாளர் 1950இல் மாடர்ன் தியேட்டர்ஸ் படத்தின் நாயகரானார். 'மேனகா' நாவல் 1935லேயே திரைக்கு வந்துவிட்டது. துப்பறியும் சாம்புவைப் படைத்த தேவன் பிறந்தது திருவிடைமருதூரில். பட்டுக்கோட்டை பிரபாகர் தம் ஊரைப் பெயரிலேயே சுமப்பவர். கும்பகோணத்து மௌனங்களுக்கும் சஞ்சலங்களுக்கும் பெயர்பெற்ற இம்மண்ணிலேதான் கொலையும் மர்மமும் மாறுவேடமும் நூறாண்டாக விளைந்திருக்கின்றன. இவ்விரண்டில் ஒன்றை வரலாற்றிலிருந்து அடித்துவிட்டு மற்றொன்றை மட்டும் தஞ்சை இலக்கியம் என்று சொல்லிக்கொள்வது எங்களுக்கு ஒப்புதலில்லை.

படிப்பவர்களின் கோணத்திலிருந்தும் ஒன்று சொல்ல வேண்டும். நெல் ஏற்றிய சரக்கு வண்டிகள் திசைமாறும் வரை நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் பேருந்துகள் வரிசையாக நின்ற நாட்களில், பயணிகள் கையில் இருந்தவை பெரும்பாலும் மாத நாவல்கள்தான். பெட்டிக்கடைக் கயிற்றில் தொங்கிய அந்தச் சாணித்தாள் புத்தகங்கள், பள்ளிப்படிப்போடு நின்றுபோன எத்தனையோ பேரை வாசிப்பில் நிறுத்திவைத்தன. இன்று தீவிர இலக்கியம் பேசுகிற நாங்களும் அவ்வழியே வந்தவர்கள்தாம். வந்த வழியை மறைத்துக்கொள்வதில் பெருமை ஒன்றுமில்லை.

இனி அந்த ஒற்றை வரிக்கு வருவோம். அதற்குள் மூன்று குற்றச்சாட்டுகள் பொதிந்திருக்கின்றன. முதலாவது, இலக்கியம் என்பது ஒரு தனிமனத்தின் வெளிப்பாடு, இரண்டு மனங்கள் சேர்ந்தால் அது உற்பத்தியாகிவிடும் என்பது. இரண்டாவது, கூட்டுப்பெயர் வாசகரை ஏமாற்றுகிறது என்பது. மூன்றாவது, இப்படிச் சேர்ந்து எழுதியதெல்லாம் விற்பனைக்காக அவசரத்தில் எழுதிக் குவித்தவை என்பது. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

*

முதல் குற்றச்சாட்டைச் சொல்பவர்களிடம் எங்களுக்கு ஒரு வியப்பு உண்டு. 1982இல் தமிழவனின் 'ஸ்ட்ரக்சுரலிசம்' வெளிவந்ததற்குப் பின்னான ஆண்டுகளில், ரோலான் பார்த்தின் பெயர் தமிழ்ச் சிற்றிதழ்களில் எத்தனை முறை அச்சாகியிருக்கும் என்று எண்ணிப் பார்க்க முடியாது. ஆசிரியன் இறந்துவிட்டான், பிரதி மட்டுமே உண்டு, பொருளை உண்டாக்குபவர் வாசகரே என்று அறிவித்துத் தலைமுறை ஒன்று வாதிட்டது. ஆசிரியனின் மரணத்துக்கு நோட்டீஸ் அடித்து ஒட்டிய அதே வட்டம், ஒரு பிரதிக்கு ஓர் ஆசிரியனுக்குப் பதில் இரண்டு ஆசிரியர்கள் இருக்கிறார்கள் என்றவுடன் முகஞ்சுளிக்கிறது. ஒருவர்கூட இல்லாமல் பிரதி இருக்கலாமாம், இருவர் மட்டும் இருக்கக்கூடாதாம். இந்தத் தர்க்கம் எங்களுக்கு விளங்கவில்லை.

கோட்பாட்டை விடுவோம், மரபைப் பார்ப்போம். தமிழ் மரபு ஒரு பெயருக்கு ஓர் ஆள் என்று எந்நாளும் கணக்குப் பார்த்ததில்லை. ஔவையார் என்ற பெயரில் வெவ்வேறு காலத்தைச் சேர்ந்த பலர் பாடியிருக்கிறார்கள் என்பதை இலக்கிய வரலாற்றாசிரியர்கள் ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். சங்கப் பாடல்களைப் பாடியவரும் ஆத்திசூடியைப் பாடியவரும் ஒருவரல்லர். அதனால் அப்பெயருக்கு மதிப்புக் குறைந்ததா? நாலடியார் சமண முனிவர் பலர் பாடிய வெண்பாக்களின் தொகுப்பு என்பது மரபு. பாடியவர்களின் பெயர்கள் நமக்குக் கிடைக்கவில்லை, நூல் கிடைத்தது. இவற்றையெல்லாம்விட நேரான சான்று இரட்டைப் புலவர்கள். ஒருவர் பார்வையற்றவர், மற்றவர் நடக்க இயலாதவர். அத்தை மகனும் அம்மான் மகனுமான அவ்விருவரில் ஒருவரை ஒருவர் சுமக்க, சுமக்கப்பட்டவர் வழிகாட்ட, வெண்பாவின் முற்பாதியை ஒருவரும் பிற்பாதியை மற்றவரும் பாடினார்கள் என்பது வழிவழிச் செய்தி. தில்லைக் கலம்பகமும் ஏகாம்பரநாதர் உலாவும் அவர்கள் பெயரில் நிற்கின்றன. கலம்பகத்துக்கு இரட்டைப் புலவர் என்று நாம் கற்றுத்தரும் பாடத்தில், இது பாதிப் பாதியாகச் செய்த தொழில், இலக்கியமன்று என்று எந்தத் தமிழாசிரியரும் சொன்னதில்லை.

எங்கள் பக்கத்து இசையும் இதற்குச் சாட்சி. நீடாமங்கலம் என்றால் தவில்மேதை மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் ஊர் என்று சொல்லத் தெரிந்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். நாகசுரமும் தவிலும் இரட்டையாக வாசிக்கப்படும் மரபில் வளர்ந்தது இச்சீமை. திருவீழிமிழலை சகோதரர்கள் சுப்பிரமணிய பிள்ளையும் நடராஜசுந்தரம் பிள்ளையும் ஒரு கீர்த்தனையை வாசித்தபோது, இந்தச் சங்கதி அண்ணன் வாசித்ததா, தம்பி வாசித்ததா என்று பிரித்து மதிப்பெண் போட்ட ரசிகர் யாருமில்லை. ஆலத்தூர் சகோதரர்கள் உடன்பிறந்தவர்களே அல்லர். சீனிவாச ஐயர், சிவசுப்பிரமணிய ஐயர் இருவரும் குருகுலத்தால் இணைந்தவர்கள். 'சகோதரர்கள்' என்பது அவர்கள் இசைக்காகப் பூண்ட பெயர், ஏறத்தாழ ஒரு புனைபெயர். அதைப் பொய் என்று யாரும் வழக்குத் தொடுக்கவில்லை. தஞ்சை நால்வரின் பெயர் நால்வருக்கும் பொதுவாகவே நிற்கிறது. கு.ப.ரா.வையும் பிச்சமூர்த்தியையும் 'கும்பகோணம் இரட்டையர்' என்று அழைத்ததும் இதே மனப்பாங்கில்தான். அவர்கள் தனித்தனியே எழுதினார்கள். இருந்தும் ஊர் அவர்களை இரட்டையராக்கிப் பார்த்து மகிழ்ந்தது. இரட்டையை மகிழ்ந்து வரவேற்ற மண்ணின் வாரிசுகள், இருவர் ஒரு நாவலை எழுதினார்கள் என்றவுடன் தொழில் என்கிறார்கள்.

இவ்விடத்தில் ஒரு மறுமொழி வரும் என்று எங்களுக்குத் தெரியும். இசை நிகழ்த்துகலை, எழுத்து தனிமையில் பிறப்பது என்பார்கள். தனிமையில் பிறக்கும் எழுத்து உண்டு. தன்னனுபவக் கவிதையை இருவர் சேர்ந்து எழுத முடியாது என்றால் நாங்கள் வாதிடப் போவதில்லை. ஆனால் மர்ம நாவல் அந்த வகையைச் சேர்ந்ததன்று. அது ஒரு கட்டுமானம். ஒளித்துவைப்பவர் ஒருவர், தேடுபவர் ஒருவர் என்ற இரண்டு நிலைகள் இல்லாமல் அது உருவாகாது. தனியே எழுதுகிறவர் தமக்குள்ளேயே இரண்டாகப் பிளந்து, வாசகர் எந்த இடத்தில் ஊகித்துவிடுவார் என்று தாமே சோதித்துக்கொள்ள வேண்டும். கொலையாளி யாரென்று அறிந்தவர் அறியாதவர்போலப் படித்துப் பார்ப்பது எளிதன்று. கூடவே எழுதும் இன்னொருவர் இருந்தால் அச்சோதனை எழுதும்போதே நடந்துவிடுகிறது. ஒருவர் விட்ட ஓட்டையை மற்றவர் கண்டுபிடிக்கிறார். "அந்த நேரத்தில் அவன் அங்கே எப்படி வந்தான்?" என்று கேட்கும் முதல் வாசகர் மேசைக்கு எதிர்ப்புறமே அமர்ந்திருக்கிறார்.

உலகத் துப்பறியும் இலக்கியத்தில் கூட்டுப்பெயர்கள் இவ்வளவு செழித்ததற்கு இதுதான் காரணம் என்பது எங்கள் எண்ணம். 1929இல் 'எல்லரி குயின்' என்ற பெயரில் எழுதத் தொடங்கிய ஃபிரெடெரிக் டானேயும் மான்ஃபிரெட் லீயும் இரட்டைப் புலவர்களைப் போலவே உறவினர்கள். சிக்கலை வகுப்பது பெரிதும் டானேயின் வேலை, அதை உரைநடையாக்குவது லீயின் வேலை. இருவரும் முகமூடி அணிந்து மேடையேறி ஒருவரோடொருவர் வாதிட்ட வேடிக்கையும் நடந்தது. வேடிக்கைக்குப் பின்னால் கடும் சச்சரவும் இருந்தது. 1947 முதல் 1950 வரை அவர்கள் எழுதிக்கொண்ட கடிதங்கள் 2012இல் நூலாக வந்தன. ஒரு பாத்திரம் இப்படி நடந்துகொள்வாரா என்பதற்காக இருவர் எவ்வளவு காயப்படுத்திக்கொள்ள முடியும் என்பதை அக்கடிதங்கள் காட்டுகின்றன. எழுத்தைத் தொழிலாக மட்டுமே நினைத்தவர்கள் அப்படிச் சண்டையிட மாட்டார்கள். பாகத்தைப் பிரித்துக்கொண்டு போய்விடுவார்கள். பிரான்சில் புவாலோ–நார்செழாக் இணையும் அவ்வாறே. புதிரை வகுத்தவர் புவாலோ, மாந்தர்களின் மனத்தையும் சூழலையும் எழுதியவர் நார்செழாக். அவர்களது 1954ஆம் ஆண்டு நாவல்தான் 1958இல் ஹிட்ச்காக்கின் 'வெர்டிகோ' ஆனது. அப்படத்தை உலகின் தலைசிறந்த படங்களில் ஒன்றென்று கொண்டாடும் நம் திரைப்படச் சங்கத்து நண்பர்கள், அதன் மூலக்கதை இருவர் சேர்ந்து எழுதியது என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

சட்டம்கூட நம் விமர்சகர்களைவிடத் தெளிவாக இருக்கிறது. 1957ஆம் ஆண்டின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் கூட்டாசிரியர் படைப்பு என்று ஒன்றை வரையறுக்கிறது. இருவரோ அதற்கு மேற்பட்டவரோ இணைந்து உருவாக்கி, ஒருவரது பங்கை மற்றவரது பங்கிலிருந்து பிரித்துச் சொல்ல முடியாதபடி அமைந்த படைப்பு அது. அவர்களில் இறுதியாக மறைபவரின் காலத்துக்குப் பின் 60 ஆண்டுகள் வரை உரிமை நீடிக்கும். பிரிக்க முடியாமை என்பதைச் சட்டம் குறையாகக் காணவில்லை, அதையே இலக்கணமாக வைத்திருக்கிறது. இதில் சுரேஷ் எழுதியது எது, பாலகிருஷ்ணன் எழுதியது எது என்று கேட்டு, விடை கிடைக்காததால் இருவருமே எழுத்தாளர் அல்லர் என்று தீர்ப்பளிப்பவர்கள் அந்த வரையறையை ஒருமுறை படித்துப் பார்க்கலாம்.

*

இரண்டாவது குற்றச்சாட்டு வலுவானது. கூட்டுப்பெயர் ஏமாற்றாக இருக்க முடியும் என்பதை நாங்கள் மறுக்கவில்லை. எப்போது ஏமாற்று, எப்போது இல்லை என்று பிரித்துப் பார்க்காமல் எல்லாவற்றையும் ஒரே சாக்கில் கட்டுவதைத்தான் மறுக்கிறோம்.

பெயர் எழுதுகிறவர்களுக்குச் சொந்தமாக இல்லாமல் முதலாளிக்குச் சொந்தமாக இருக்கும் வகை ஒன்று உண்டு. அமெரிக்காவில் 'நான்சி ட்ரூ' துப்பறியும் கதைகள் 1930இல் கரோலின் கீன் என்ற பெயரில் வெளிவரத் தொடங்கின. கரோலின் கீன் என்று ஒருவர் கிடையாது. ஸ்ட்ராட்மெயர் என்ற கதைத் தொழிற்சாலை உருவாக்கிய பெயர் அது. முதல் நூல்களை எழுதிய மில்ட்ரெட் வர்ட் பென்சன் தொடக்கத்தில் நூலுக்கு 125 டாலர் வாங்கிக்கொண்டு உரிமையை எழுதிக்கொடுத்துவிட்டார். அவர் பங்கு பொதுவெளியில் உறுதிப்பட 1980இல் ஒரு வழக்கு நடக்க வேண்டியிருந்தது. ஐம்பது ஆண்டுகள் ஒரு பெண்ணின் உழைப்பு இல்லாத ஒருத்தியின் பெயருக்குள் புதைந்துகிடந்தது. இது சுரண்டல். இதை நாங்கள் ஆதரிக்கவில்லை.

எழுதுகிறவர்களே வாசகருக்குப் பொய்யான ஆளைக் காட்டும் வகை இன்னொன்று. ஸ்பெயினில் கார்மென் மோலா என்ற பெயரில் 2018 முதல் குற்ற நாவல்கள் வந்தன. அவர் ஒரு பேராசிரியை, மூன்று பிள்ளைகளின் தாய், அடையாளத்தை வெளியிட விரும்பாதவர் என்று சொல்லப்பட்டது. 2021 அக்டோபரில் பத்து லட்சம் யூரோ மதிப்புள்ள பிளனேட்டா பரிசை வாங்க மேடையேறியவர்கள் மூன்று ஆண்கள். மாட்ரிட் பெண்ணியப் புத்தகக் கடையொன்று அந்நூல்களைத் தன் அலமாரியிலிருந்து எடுத்துவிட்டது. அக்கடையின் கோபம் நியாயமானது என்பது எங்கள் கட்சி. மூவர் சேர்ந்து எழுதியதில் தவறில்லை. இல்லாத பெண் ஒருத்திக்கு வாழ்க்கை வரலாறு எழுதி, அதைக் காட்டி நம்பிக்கை பெற்றதுதான் தவறு.

இவ்விரண்டோடும் 'சுபா'வை ஒப்பிடுங்கள். பெயர் எந்தப் பதிப்பாளருக்கும் சொந்தமானதன்று. இருவரின் சொந்தப் பெயர்களிலிருந்து எடுத்தது. சுபா என்பது பெண்பெயர்போல் ஒலிப்பதால் பெண்ணெழுத்தாளர் என்று எண்ணிக்கொண்ட வாசகர்கள் இருந்திருக்கலாம். ஆனால் இல்லாத பெண்ணுக்கு வரலாறு புனையப்படவில்லை. இரண்டு நண்பர்கள் எழுதுகிறார்கள் என்பது வெளிப்படையான செய்தி. பெயரைப் பிரித்தால் ஆட்கள் கிடைத்துவிடுகிறார்கள். இதைவிட நேர்மையான புனைபெயர் தமிழில் எத்தனை இருக்கின்றன?

புனைபெயரே ஏமாற்று என்றால் நாம் நிறையப் பேரை விசாரிக்க வேண்டியிருக்கும். எஸ். ரங்கராஜன் தம் மனைவியின் பெயரில் எழுதி சுஜாதாவானார். ஸ்ரீவேணுகோபாலன் தம் பெயரில் 'திருவரங்கன் உலா' எழுதினார், அதே கையால் புஷ்பா தங்கதுரை என்ற பெயரில் முற்றிலும் வேறான கதைகளையும் எழுதினார். ஒரே ஆள் இரண்டு பெயர்களில் இரண்டு வாசகக் கூட்டங்களை வைத்துக்கொண்டது நமக்குச் சுவாரசியமான இலக்கியத் தகவல். இரண்டு ஆட்கள் ஒரே பெயரில் எழுதியது மட்டும் நமக்கு ஏளனத்துக்குரியதாகிவிடுகிறது. கணக்கு எங்கே இடிக்கிறது என்று அவர்களே சொல்லட்டும்.

உண்மையான ஏமாற்று எங்கே நடக்கிறது என்று தேட விரும்புகிறவர்களுக்கு வேறோர் இடத்தைக் காட்டுகிறோம். தமிழ்த் திரையுலகில் 'கதை விவாதம்' என்று ஒரு நடைமுறை உண்டு. விடுதி அறையில் உதவி இயக்குநர்களும் எழுத ஆசைப்பட்ட இளைஞர்களும் மாதக்கணக்கில் உட்கார்ந்து காட்சி காட்சியாகக் கதையைச் செதுக்குவார்கள். முடிவில் திரையில் 'கதை, திரைக்கதை, வசனம், இயக்கம்' என்று ஒரே பெயர் வரும். பலருடைய உழைப்பை ஒருவர் பெயரில் எழுதிக்கொள்வது இது. இதைப் பார்த்து 'படைப்பாளியின் தனிமுத்திரை' என்று கட்டுரை எழுதுகிறோம். இருவருடைய உழைப்புக்கு இருவர் பெயரையும் சேர்த்து வைத்தவர்களைப் பார்த்துத் தொழில் என்கிறோம். கிருஷ்ணன்–பஞ்சு என்று இரு பெயர் போட்டு 1952இல் 'பராசக்தி'யை இயக்கினார்கள், விஸ்வநாதன்–ராமமூர்த்தி என்று இரு பெயர் போட்டு இசையமைத்தார்கள். அந்த நேர்மையின் தொடர்ச்சிதான் 'சுபா'. தனியொருவரின் பெயரைக் கண்டால் உடனே வணங்கும் பழக்கம், அப்பெயருக்குப் பின்னால் கூலியும் பெயரும் கிடைக்காமல் போனவர்களைக் காணவிடாமல் நம் கண்ணை மறைக்கிறது. இக்கட்டுரையை எழுதத் தூண்டியது 'சுபா' மீதான பற்று மட்டுமன்று, இந்த அநியாயமும்தான்.

*

மூன்றாவது குற்றச்சாட்டுக்கு நாங்கள் பாதி உடன்படுகிறோம். மாத நாவல் ஒரு கொடுமையான வடிவம். ஏறத்தாழ நூறு பக்கம், குறித்த தேதி, அட்டைப்படத்துக்கு ஏற்ற தலைப்பு, முதல் பக்கத்திலேயே வாசகரைப் பிடித்துவிட வேண்டிய கட்டாயம். இந்த நெருக்கடியில் எழுதப்பட்டவற்றில் பல, படித்த மறுநாள் மறந்துபோகக் கூடியவை. 'சுபா'வின் எழுத்துகளிலும் அத்தகையவை உண்டு. நாயகனின் சாகசத்துக்காகத் தர்க்கம் வளைக்கப்பட்ட இடங்கள் உண்டு. பெண் பாத்திரங்களை வருணிப்பதில் அக்காலத்து மாத நாவல்களுக்கே உரிய மலிவும் உண்டு. வைஜயந்தி துணிச்சலான துப்பறிவாளராக வந்தாலும், அவரை நரேந்திரன் சீண்டும் உரையாடல்களில் சில இன்று படிக்கச் சங்கடம் தருபவை. இவற்றையெல்லாம் விமர்சிக்க வேண்டும். விமர்சிக்க வேண்டும் என்பதுதான் எங்கள் கோரிக்கையே.

ஆனால் இக்குறைகளுக்கும் இருவர் எழுதியதற்கும் என்ன தொடர்பு? தனியாக எழுதிய மாத நாவலாசிரியர்களிடமும் இதே அவசரம், இதே வளைப்பு, இதே மலிவு இருக்கின்றன. அது வடிவத்தின் நோய், சந்தையின் நோய். அந்நோயை இருவர் கூட்டின் தலையில் கட்டுவது விமர்சனமாகாது. சொல்லப்போனால் ஆராய வேண்டிய கேள்வி வேறு. ஒரே அவசரத்தில், ஒரே பக்க அளவில், ஒரே வாசகருக்காக எழுதிய தனியொருவரின் நாவலும் இருவரின் நாவலும் எவ்வகையில் வேறுபடுகின்றன? 'ஈகிள்ஸ் ஐ' கதைகளில் ஒரு குற்றத்தைப் பலர் பிரித்துக்கொண்டு புலனாய்வதும், உரையாடலாலேயே கதை நகர்வதும், தனி மேதையான துப்பறிவாளருக்குப் பதில் ஒரு குழு முன்னால் நிற்பதும் எழுதியவர்கள் இருவர் என்பதால் வந்த இயல்புகளா? தமிழ்வாணனின் சங்கர்லால் தனித்து நிற்பவர். சுஜாதாவிடம் கணேஷ், வசந்த் என்று இருவர். 'சுபா'விடம் அது ஓர் அலுவலகமாகவே விரிகிறது. துப்பறிவாளர் என்ற உருவம் தமிழில் தனியாளிலிருந்து குழுவாக மாறிய கதையை எழுத இதைவிட நல்ல தொடக்கம் இல்லை. எந்தப் பல்கலைக்கழக ஆய்வாளருக்கேனும் இது பயன்படுமானால் மகிழ்வோம்.

இவற்றைக் கேட்க நூல்கள் வேண்டும். இங்குதான் எங்கள் கவலை தொடங்குகிறது. மாத நாவல் புத்தகமாகவும் கருதப்படாது, இதழாகவும் கருதப்படாது. ஊர்ப்புற நூலகங்களின் பதிவேடுகளில் அது பெரும்பாலும் ஏறியதில்லை. வீடு மாறும்போதும் பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போதும் எடைக்குப் போகும் முதல் கட்டு அதுதான். மட்டத் தாளில் அச்சானவை, இன்னும் சில ஆண்டுகளில் தொட்டால் உதிரும். 2008இல் சென்னையின் பிளாஃப்ட் பதிப்பகம் ராஜேஷ்குமார், 'சுபா', பட்டுக்கோட்டை பிரபாகர் முதலியோரின் கதைகளை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்துத் தொகுப்பாக வெளியிட்டது. தமிழில் விமர்சனம் திரும்பிப் பார்க்காத எழுத்தை ஆங்கில வாசகர்கள் அட்டைப்படங்களோடு சேர்த்து ரசித்தார்கள். அவர்கள் ரசித்ததில் அயல்நாட்டுப் பண்டத்தைப் பார்க்கும் வேடிக்கையும் கலந்திருக்கலாம். ஆயினும் அவர்கள் படித்தார்கள். நாம் படிக்காமலேயே தீர்ப்பு எழுதிக்கொண்டிருக்கிறோம்.

ஆகவே நாங்கள் கேட்பவை மூன்று. முதலாவதாக, எழுத்தாளர் வாரியாக மாத நாவல்களின் முழுப் பட்டியல் ஒன்று தயாராக வேண்டும். தலைப்பு, இதழ், மாதம், ஆண்டு என்ற நான்கு விவரங்கள் போதும். ஒவ்வோர் ஊரிலும் இரண்டு பேர் தங்கள் வீட்டுப் பரணைத் தேடினாலே இது நடந்துவிடும். நீடாமங்கலம், மன்னார்குடி, வடுவூர் வட்டாரத்தில் கிடைப்பவற்றை நாங்கள் குறித்துவைக்கத் தொடங்கியிருக்கிறோம். இரண்டாவதாக, சேர்ந்து எழுதியவர்களிடம் அவர்கள் பணிமுறையை விரிவாகக் கேட்டுப் பதிவுசெய்ய வேண்டும். முதல் வரி யாருடையது, முடிவை யார் மாற்றினார், கருத்து வேறுபாடு வந்தபோது எது வென்றது என்பவை வம்புக் கேள்விகள் அல்ல. எல்லரி குயினின் கடிதங்கள் போல நம்மிடமும் ஓர் ஆவணம் இருக்க வேண்டும் என்பதற்காகக் கேட்க வேண்டியவை. மூன்றாவதாக, தமிழ் நாவல் வரலாறு எழுதுகிறவர்கள் கூட்டாசிரியர் என்ற வகைக்கு ஓர் இயல் ஒதுக்க வேண்டும். இரட்டைப் புலவரில் தொடங்கி 'சுபா'வில் வந்து நிற்கும் அவ்வியலில் பாராட்டு மட்டுமே இருக்க வேண்டும் என்று நாங்கள் சொல்லவில்லை.

எங்களை மறுக்க நினைப்பவர்கள் தாராளமாக மறுக்கட்டும். ஒரே ஒரு நிபந்தனை. அதற்கு முன் 'சுபா'வின் நாவல் ஒன்றையேனும் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படித்திருக்க வேண்டும். படித்துவிட்டு மோசம் என்று சொன்னால் தலைவணங்கிக் கேட்போம். இருவர் எழுதியது என்பதனாலேயே மோசம் என்றால், அந்தப் பேச்சை இனிக் கேட்பதாக இல்லை.